பக்கத்து வீட்டுப் பண்டிகை

சென்ற டிசம்பர் 25ஆம் தேதி காலையில் பக்கத்து வீட்டுச் சிறுமி, அதிரசமும் முறுக்கும் நிறைந்த தட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் புதுக்கோட்டையில் இல்லை. என் மனைவி அதில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே அந்தப் பெண் கேட்டாள்:

“மாமா, தீபாவளிக்குப் படம் வருது, பொங்கலுக்குப் படம் வருது. எங்க பண்டிகைக்கு மட்டும் எங்க வீடு மாதிரி ஒரு படம்கூட ஏன் வர்றதில்லே?”

பெட்டிக்குள் கதாநாயகன் இருபது பேரை அரிவாளால் சாய்த்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் சிறப்புத் திரைப்படமாம்! கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு, பத்து வயதுப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

“அவர்கள் எண்ணிக்கை குறைவு, கொட்டகை நிரம்பாது” என்பார் பட முதலாளி. அவருக்கு 1948ஆம் ஆண்டை ஞாபகப்படுத்துகிறேன். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்து, மாதாவின் அருளால் மீண்டும் பெற்ற ‘ஞானசௌந்தரி’யின் கதையை அந்த ஒரே ஆண்டில் இரண்டு ஸ்டூடியோக்கள் போட்டியிட்டு எடுத்தன. சிட்டாடல் படத்தில் டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்தார்கள், அது வெற்றி பெற்றது. ஜெமினி வாசன் எடுத்த படம் அதன் முன் நிற்க முடியாமல் போயிற்று. வியாபாரம் தெரியாதவரா வாசன்? கொட்டகைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்களா?

அடுத்து 1955இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’. எல். வி. பிரசாத் இயக்கிய படம். எங்கள் புதுக்கோட்டையில் 1920இல் பிறந்த ஜெமினி கணேசனுக்குப் பெரும் புகழ் தேடித் தந்த படம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் முடிவில் என்ன நடக்கிறது? சாவித்திரி நடித்த மேரி, உண்மையில் மேரியே அல்ல. சிறுவயதில் காணாமற் போன ஜமீன்தார் மகள் மகாலட்சுமி என்று தெரிகிறது. எல்லோருக்கும் நிம்மதி! மேரி மேரியாகவே இருந்து அந்த வீட்டில் விளக்கேற்றினால் கதை கெட்டுவிடுமா? இவ்வளவு அன்பான படத்துக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’யில் பாரதிராஜா துணிந்தார். அங்கும் காதலர்கள் பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்த பிறகே சேர முடிந்தது. சிலுவையை அணிந்துகொண்டே ஒருத்தி சமையல் செய்கிற, சண்டை போடுகிற, சிரிக்கிற வீட்டை நம் சினிமா எத்தனை தடவை எட்டிப் பார்த்திருக்கிறது?

“அப்படியானால் பக்திப் படம் கேட்கிறீரோ?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. 1971இல் வந்த ‘அன்னை வேளாங்கண்ணி’ போன்றவை இருக்கவே இருக்கின்றன. நான் கேட்பது அற்புதத்தை அல்ல, அடுப்படியை. அமெரிக்காவில் பிராங்க் காப்ரா 1946இல் ஒரு படம் எடுத்தார். பணக் கஷ்டத்தில் சிக்கிய சிற்றூர்க்காரன் ஒருவன் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் ஆற்றில் விழுந்து சாகப் போகிறான். முடிவில் ஊரே பணம் திரட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு வருகிறது. வெளிவந்தபோது அந்தப் படம் வசூலில் தோற்றது. 1974இல் அதன் உரிமை புதுப்பிக்கப்படாமல் போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் போட்டுக் காட்டின. இன்று அதைப் பார்க்காமல் பலருக்குப் பண்டிகையே இல்லை. ஆகவே பண்டிகைப் படம் வானத்திலிருந்து விழுவதில்லை. காட்டுகிறவர்கள் காட்டக் காட்ட உண்டாவது.

நாம் செய்ததைப் பாருங்கள். 2024இல் ‘மெரி கிறிஸ்துமஸ்’ என்ற பெயரில் ஒரு படம் தமிழிலும் வந்தது. பம்பாயில் நடக்கும் கொலைக் கதை. அதுவும் பொங்கலுக்கு வந்தது!

கிறிஸ்துமஸ் என்றால் பனியும் பைன் மரமும் என்று யார் சொன்னது? எங்கள் மாவட்டத்து ஆவூருக்கு வந்து பாருங்கள். வீரமாமுனிவர் பணிபுரிந்த ஊர். மாதா கோயிலுக்குத் தேர்த் திருவிழா நடக்கும் ஊர். டிசம்பர் 25 நமக்கு மார்கழி மாதம். நடுநிசிப் பூசை முடிந்து தாமதமாகப் படுத்தவர் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருக்க, எதிர் வீட்டில் திருப்பாவைக்கு எழுந்தவர்கள் கோலம் போடுகிறார்கள். இதைவிட நல்ல முதற்காட்சி எந்த டைரக்டருக்குக் கிடைக்கும்?

குற்றவாளிக் கூண்டில் சினிமாக்காரரை மட்டும் ஏற்றிவிட்டு நான் தப்பிக்க விரும்பவில்லை. என் கதைகளில் வந்த கிறிஸ்தவர்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு நர்ஸ், ஒரு டீச்சர், ஒரு பாதிரியார். உத்தியோகம் கொடுத்தேனே தவிர ஒருவருக்கும் வீடு கொடுக்கவில்லை.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வருகிற டிசம்பரில் அரிவாளைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு ‘மிஸ்ஸியம்மா’வைப் போடுங்கள். குறையோடு இருந்தாலும் அதில் ஒரு மேரியாவது பேசுகிறாள். படம் எடுப்பவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பக்கத்து வீட்டிலிருந்து நமக்கு வருஷந்தோறும் தட்டு நிறைய வருகிறது. நாமோ இன்னமும் சர்க்கரை போட்டுத்தான் திருப்பிக்கொண்டிருக்கிறோம்.