சூட்டைக் கிளப்பும் ஹார்மோன்!

'பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் உடம்பு கதகதன்னு இருக்கு, தூக்கமும் சரியில்லை' என்று சொல்லிப் பாருங்கள். 'சூட்டு உடம்பு, வெந்தயத்தை ஊறவெச்சு சாப்பிடு' என்று வீட்டில் உடனே வைத்தியம் வரும். வெந்தயம் இருக்கட்டும், அந்தச் சூடு நிஜம். கருமுட்டை வெளியான பிறகு சுரக்கும் புரொஜெஸ்ட்ரோன், உடலின் வெப்பநிலையை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றிவைக்கும். அடுத்த பீரியட்ஸ் நெருங்கும்போது அது இறங்கிவிடும்.

தெர்மாமீட்டரிலேயே தெரிகிற அளவுக்கு வேலை செய்யும் ஹார்மோன்கள், நாம் விழுங்கும் மாத்திரையைச் சும்மா விடுமா? லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிடும் பெண், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையையும் ஆரம்பித்தால், ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். கர்ப்ப காலத்திலும் இந்த அளவு குறையும். பிரசவத்துக்குப் பிறகு மளமளவென்று ஏறும். நம் ஊரில் கல்யாணமான புதிதில் வலிப்பு இருப்பதையே புகுந்த வீட்டில் மறைக்கும் பெண்கள் உண்டு. வீட்டில் சொல்வது அவரவர் விருப்பம். மகப்பேறு மருத்துவரிடம் மட்டும் மறைக்கவே கூடாது.

இதையெல்லாம் மருத்துவ உலகம் எப்போதோ ஆராய்ந்திருக்க வேண்டாமா? தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனத்துடன் பிறந்த அதிர்ச்சிக்குப் பிறகு, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., 1977-ல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களை மருந்துகளின் ஆரம்பகட்டப் பரிசோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால், 1993 வரை விலக்கல் நீடித்தது. எலிகளிலும் ஆணுக்கே முன்னுரிமை. பெண் எலிக்கு ஹார்மோன் ஏறி இறங்கும், முடிவுகள் குழம்பும் என்றார்கள். 2014-ல் 293 ஆய்வுக் கட்டுரைகளை அலசியதில், பெண் எலிகளின் முடிவுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகம் மாறவில்லை என்று தெரிந்தது. அப்படியே மாறினாலும்தான் என்ன? ஏறி இறங்கும் அதே உடம்புதானே மருந்தையும் விழுங்குகிறது!

ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1992-ல். பெண்களின் உடல் அதை மெதுவாகவே வெளியேற்றுகிறது, காலையில் கார் ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கலாம் என்று பெண்களுக்கான அளவை 10 மில்லி கிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது 2013-ல்.

மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பீரியட்ஸ் தேதியையும், எந்த நாளில் தலைவலியோ வலிப்போ வந்தது என்பதையும் மொபைலில் குறித்து வையுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கருத்தடை மாத்திரை உட்பட, போட்டோ எடுத்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.