புருவம் கேட்ட நோயாளிகள்

தொழுநோயிலிருந்து குணமான சிலர் 1950களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களிடம் கேட்டது புருவம். அந்த நோய் புருவ மயிரை உதிர்த்துவிடும். உடம்பில் கிருமி இல்லை என்று மருத்துவரே எழுதிக் கொடுத்தாலும், மயிரில்லாத புருவத்தைப் பார்த்ததுமே ஊர் விலகி நின்றது. வேலை கேட்டுப் போனவருக்கு வாசலிலேயே விடை கிடைத்தது. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்தக் கோரிக்கையை வீண் அலங்கார ஆசை என்று தள்ளவில்லை. தலைத்தோலில் முடியோடு ஒரு பட்டையை எடுத்து, அதற்கு ரத்தம் தரும் குழாய் அறுபடாமல் நெற்றித் தோலுக்கு அடியில் செலுத்தி, புருவம் இருந்த இடத்தில் பொருத்தினார். தலைமுடி என்பதால் அது வளர்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். சிலருக்குக் கத்தரிக்க மனம் வரவில்லை. புதரைப் போல அடர்ந்த புருவத்தோடு பெருமையாக நடந்தார்கள்.

பிறர் தனக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறாரோ, அதை அவர் பிறருக்குச் செய்ய வேண்டும் என்கிறார் இயேசு. மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் ஒரு பகுதியாக இந்தக் கட்டளை வருகிறது. லூக்கா 6ஆம் அதிகாரத்தில் பகைவரை நேசிக்கச் சொல்லும் பேச்சின் நடுவே அது இடம்பெறுகிறது. தனக்குத் துன்பமென்று அறிந்ததைப் பிறருக்குச் செய்யக்கூடாது என்பது பல சமயங்களும் பண்பாடுகளும் சொன்ன அறம். திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரமும் அதைச் சொல்கிறது. மலைப்பொழிவு அந்த அறத்தைச் செயலாகக் கேட்கிறது. ஆனால் பிரசங்க மேடைகளில் இது பெரும்பாலும் நல்லவராக நடந்துகொள்ளுங்கள் என்ற புத்திமதியாகச் சுருங்கிவிடுகிறது. கட்டளை கேட்பது அதைவிடக் கடினமானது. எதிரில் இருப்பவரின் இடத்துக்குப் போய், அங்கிருந்து எது தேவைப்படும் என்று பார்க்கச் சொல்கிறது. கொடுப்பவருக்குப் பிடித்ததைக் கொடுத்துவிட்டு மனநிறைவோடு திரும்பினால் கட்டளை நிறைவேறாது. வேலூரின் கதை அதைத்தான் காட்டுகிறது.

பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்தார். அங்கே போன பிராண்ட், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி வலித்தது. கை செத்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய இடத்தில் வலுவான தசைகள் இருந்தன. நரம்பு கெட்டதால் சில தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மறுபடி விரியும் என்று அவர் முடிவு செய்தார். தொழுநோயாளியை அறுவைக் கூடத்துக்குள் அழைப்பதே பெரும்பாலான மருத்துவமனைகளில் நினைத்துப் பார்க்க முடியாத காலம் அது.

அறுவை வெற்றி பெற்றது. பிரச்சினை பிறகுதான் தொடங்கியது.

திருந்திய கைகளோடு ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. பிச்சை எடுக்கப் போனாலோ, முன்பு முடங்கிய விரல்களைப் பார்த்து விழுந்த காசு இப்போது விழவில்லை. மருத்துவர் பெருமைப்பட்ட கை, நோயாளியின் பிழைப்பைக் கெடுத்திருந்தது. நன்றி கெட்டவர்கள் என்று பிராண்ட் அவர்களைக் கடிந்துகொண்டிருக்கலாம். அவர் செய்தது வேறு. அவர்களின் நிலையில் இருந்தால் தனக்கு என்ன வேண்டியிருக்கும் என்று யோசித்தார். கை மட்டும் போதாது, தொழில் வேண்டும். 1951 வாக்கில் கல்லூரி வளாகத்தில் மண்குடிசைகளோடு நவஜீவ நிலையம் உருவானது. அங்கே தச்சுவேலை கற்று, மரப்பொம்மைகள் செய்து விற்றார்கள். உணர்வற்ற கையால் உளியை எப்படிக் காயமில்லாமல் பிடிப்பது என்பதையும் அங்கேயே பழகினார்கள். விரல் குறைவதற்குக் காரணம் வலி தெரியாமல் படும் காயங்களே, சதை தானாக அழுகி விழுவதில்லை என்ற உண்மையும் அந்த அன்றாடக் கவனிப்பிலிருந்துதான் உறுதியானது.

நோயாளியின் இடம் எப்படிப்பட்டது என்பதை பிராண்ட் ஓர் இரவில் உடம்பாலேயே அறிந்தார். 1950களின் தொடக்கத்தில், நீண்ட பயணத்துக்குப் பின் லண்டனில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் நோய் தொற்றிவிட்டது என்று நம்பினார். மனைவி மக்களைப் பிரிந்து ஒதுங்கி வாழ வேண்டியதை எண்ணி விடியும்வரை தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தியபோது வலித்தது. ரயிலில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்ததால் கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார்.

டாக்டர் மேரி வர்கீஸுக்கு அப்படி விடியவில்லை. கேரளத்திலிருந்து வேலூருக்குப் படிக்க வந்த அந்த இளம் மருத்துவர், 1954இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கையறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் ஊக்கினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் விரல்களைச் சீராக்கினார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது; 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நடக்க முடியாதவருக்கு என்ன தேவை என்று அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இந்த வரலாற்றைக் கிறிஸ்தவர்கள் பெருமையோடு சொல்வது நியாயமே. ஆனால் அதே சமூகம் இந்தக் கட்டளையை எங்கே கைவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகரத்துச் சட்டம் 1869இல் வந்தது. அது 2001இல் திருத்தப்பட்டபோது, குணமாகாத கடும் தொழுநோய் மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது 1982இல். நோய் முற்றாகக் குணமாகும் என்று தெரிந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் காரணம் சட்டத்தில் எழுதப்பட்டது. இந்து, முஸ்லிம் மணச் சட்டங்களிலும் தொழுநோய் மணமுறிவுக் காரணமாக இருந்தது உண்மை. ஆனால் தொழுநோயாளியைத் தொட்டு நலமாக்கியவரைக் கர்த்தர் என்று வணங்குவோரின் சட்டத்தில் அந்த வரி புதிதாக ஏறியது வேதனைக்குரியது. 2019இல் நாடாளுமன்றம் எல்லா மணச் சட்டங்களிலிருந்தும் அதை நீக்கியது. நோயாளிகளைத் தனிமைப்படுத்த 1898இல் வெள்ளையர் அரசு இயற்றிய சட்டம் ஒழிந்ததோ 2016இல்தான்.

இன்னொரு தவறு இன்னும் பழையது, சட்டத்தால் மட்டும் தீராதது. சாதி வேற்றுமையைச் சபைகள் உடனே கைவிட வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். இருபத்தோராம் நூற்றாண்டிலும் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரை இடிக்கக் கோரி தலித் கிறிஸ்தவர்கள் போராட நேர்ந்தது. தன் தாயை ஒரு சுவருக்கு அப்பால் புதைக்க எந்த ஆதிக்கச் சாதிக்காரர் சம்மதிப்பார்? மலைப்பொழிவின் கட்டளை அவரிடம் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

தொழுநோய் முடிந்துபோன கதை என்று பலர் நினைக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டதாக 2005இல் இந்தியா அறிவித்தது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இங்கேதான் இருக்கிறார்கள். எண்ணிக்கை சுமார் 1 லட்சம். மருந்து இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் போதும், சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை போய்விடும். இருந்தும் தேமலைக் காட்ட மருத்துவமனைக்குப் போக அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தைச் சுற்றியிருப்பவர்களின் பார்வைதான் வளர்க்கிறது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் தொழுநோய்க் குடியிருப்புகளுக்குப் போர்வையும் கேக்கும் எடுத்துச் செல்லும் சபைகள் அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை. அதோடு நிற்காமல், அங்கிருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்க வேண்டும். கேட்டால் மனைப் பட்டாவுக்கு மனு எழுத உதவி வேண்டும் என்பார்கள். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்பார்கள். திருச்சபைகளிடம் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் பணியிடங்களில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரவும், தம் கல்லறைத் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் சாதிப் பிரிவினைகளைத் தாமே அகற்றவும் ஆயர்களும் சபை மன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றலாம். இதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை. வரும் கிறிஸ்துமஸுக்குள் அதைச் செய்ய வேண்டும்.