ஒரு பட்சிக்காக

"ஒரு பட்சியைப் பார்ப்பதற்கு இரண்டாயிரம் கிலோ மீட்டருக்கு மேல் பிரயாணமா?" என்று கேட்டாள் என் வீட்டு எஜமானி. நியாயமான கேள்விதான்.

இருபது வருஷங்களாக வகுப்பில் 'கானமயில்' என்ற சொல் வரும்போதெல்லாம் 'காட்டில் வாழும் மயில்' என்று பொருள் சொல்லி வந்தவன் நான். அப்பொருள் தவறென்பதில்லை. ஆனால் அப்பெயருள்ள தனிப் பட்சியே உண்டென்றும், அது முன்னாளில் தமிழ்நாட்டு வெளிகளிலும் வாழ்ந்து மறைந்ததென்றும் நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன். அறியாமல் போதித்ததற்குப் பிராயச்சித்தமாக 2023-ஆம் வருஷம் டிசம்பர் விடுமுறையில் மூட்டை கட்டினேன்.

இரண்டு இரவுகள் ரயிலில் கழித்து ஜோத்பூர், அங்கிருந்து ஜெய்சால்மர், பிறகு ஜீப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா. 'பூங்கா' என்றதும் நேயர்கள் மலர்ச் செடிகளை எண்ணிவிட வேண்டாம். கண்ணுக்கெட்டிய மட்டும் புல்லும் மணலுமே. உடன் வந்த உள்ளூர்ப் பெரியவர் அப்பட்சியைக் 'கோடாவண்' என்று, சொந்தக்காரரைச் சொல்வது போல் பிரியமாகச் சொன்னார். ராஜஸ்தானத்தின் மாநிலப் பட்சியும் அதுவே.

முதல் நாள் ஒன்றும் தென்படவில்லை. மறுநாள் காலை, பெரியவர் கை நீட்டிய திசையில், வெளுத்த கம்பொன்று புல்லினூடே நகர்ந்தது. கம்பல்ல, கழுத்து! கரிய உச்சி, பழுப்பு முதுகு, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். பெரிய மனிதர் தம் வயலைச் சுற்றிப் பார்ப்பது போல் நிதானமாக நடந்தது.

"சற்று அருகே போகலாமா?" என்றேன்.

"வேண்டாம், மாஸ்டர்ஜி. பயந்து பறந்தால் அந்தப் பக்கம் போய்விடும்" என்று அடிவானத்தைக் காட்டினார். அங்கே மின்சாரக் கம்பிகள் வரிசையாக வெயிலில் மின்னின.

ஆண் பறவை 15 கிலோ வரை கனக்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் நேர் எதிரே நன்றாகத் தெரியாது. கம்பியைக் கண்டபின் சட்டென்று விலகுவதற்கு உடல் பாரம் இடங்கொடாது. இடுவதோ பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே முட்டை. வனங்களில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்பது நிபுணர்களின் மதிப்பு.

கம்பிகளை வைவது சுலபம். ஆனால் அங்கே அவற்றில் ஓடுவது பெரும்பாலும் வெயிலிலும் காற்றிலும் பிறக்கும் மின்சாரம். கரிப்புகையைக் குறைக்க நாமே விரும்பிக் கேட்பது. 2021-இல் சுப்ரீம் கோர்ட்டு அவற்றைப் பூமிக்கடியில் கொண்டு செல்லும்படி உத்தரவிட்டது. 2024-இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. இரு பக்கமும் தர்மம் இருக்கும் வழக்கு இது. இதற்கிடையே, சேகரித்த முட்டைகளைப் பொரிக்கச் செய்து குஞ்சுகளை வளர்க்கும் வேலையும் ஜெய்சால்மருக்கு அருகில் 2019 முதல் நடந்து வருகிறது.

வீடு திரும்பியதும், "அருகில் பார்த்தீர்களா?" என்று கேட்டாள் எஜமானி.

"இல்லை. அருகில் போகாமல் வந்ததுதான் அதற்கு நான் செய்ய முடிந்த உபகாரம்" என்றேன்.

இப்போது வகுப்பில் அச்சொல் வரும்போது இரண்டு பொருளும் சொல்லுகிறேன். இரண்டாவது பொருளை 'இருந்தது' என்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.