தோற்றவன் எங்கே போவான்?

பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகளைப் பற்றி நம்மிடையே ஒரு தீர்ப்பு எளிதாக வழங்கப்பட்டு வருகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையிலும், பெற்றோர் கூட்டங்களிலும் அதையே கேட்கிறோம். "அந்த ஆட்டத்தில் ஆள் செத்தாலும் உடனே எழுந்துவிடுகிறான். அதனால்தான் பிள்ளைகளுக்குத் தோல்வியின் வலி தெரியவில்லை" என்கிறார்கள். இத்தீர்ப்பில் பாதி அறியாமை. மறுபாதி, நம் குற்றத்தை மறைத்துக்கொள்ளும் முயற்சி. இரண்டையும் வெளிப்படையாகப் பேசுவோம்.

முதலில் அறியாமை. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்றொரு வகை உண்டு. ஆடுபவர் ஒரு வீரனாகி, பல நாள் ஊர் ஊராய் அலைந்து, பொருளும் வலிமையும் சேர்க்கிறார். இத்தனை உழைப்பு சேர்ந்திருப்பதால், தோற்றவனிடமிருந்து எதைப் பறிப்பது, எதை விட்டுவைப்பது என்பதே அதைப் படைப்போரின் தலையாய கேள்வி. அவர்கள் தந்த விடைகள் பலவகை.

1980 வாக்கில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆக்கிய 'ரோக்' என்ற ஆட்டத்தில் வீரன் மடிந்தால் எல்லாம் முடிந்தது. மீண்டும் முதலடியிலிருந்தே தொடங்கவேண்டும். 1986-இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' வேறு வழியைக் காட்டியது. அதில் தோற்றவன் அரசன் முன் மீண்டும் நிறுத்தப்படுவான். கையிலிருந்த பொன்னில் பாதி போய்விடும், ஆனால் பெற்ற பட்டறிவு அவனோடு இருக்கும். மறு ஆண்டு வந்த 'ஃபைனல் ஃபேண்டசி'யிலோ, கடைசியாகச் சேமித்த இடத்திற்குத் திரும்பவேண்டும். அதன்பின் உழைத்ததெல்லாம் வீண். 2011-இல் வந்த 'டார்க் சோல்ஸ்' இன்னும் கடினமானது. வீழ்ந்த இடத்திலேயே, ஈட்டிச் செலவிடாத செல்வம் கிடக்கும். திரும்பிச் சென்று எடுத்துக்கொள்ளலாம். போகும் வழியில் மறுபடியும் வீழ்ந்தால் அது என்றைக்குமாகப் போயிற்று. 2015-இல் வந்த 'அண்டர்டேல்' மனச்சான்றையே தொடுகிறது. கொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஓர் உயிரைக் கொன்றுவிட்டு, வருந்தி, பழைய இடத்திற்குத் திரும்பி அதைக் காப்பாற்றினாலும், முன்பு செய்ததை அந்த ஆட்டம் மறப்பதில்லை.

வலியில்லாத ஆட்டங்களா இவை? தோல்விக்கு ஒரு விலை உண்டு, ஆயினும் தோற்றவனுக்குத் திரும்பும் வழியும் உண்டு என்று இவற்றுள் பெரும்பாலானவை சொல்கின்றன. இதைக் கண்டு நாம் அஞ்சவேண்டியதில்லை.

அஞ்சவேண்டியது வேறொன்று உண்டு. இன்று இலவசம் என்ற பெயரில் கைப்பேசிக்குள் நுழையும் ஆட்டங்கள் பலவற்றில், வீரன் வீழ்ந்தவுடன் ஒரு பொத்தான் ஒளிர்கிறது: சில வைரக்கற்களைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே எழுந்துவிடலாம். கற்கள் தீர்ந்தால் தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து வாங்கலாம். இங்கே தோல்வியே விற்பனைச் சரக்கு. பிள்ளை அடிக்கடி தோற்றால்தான் கடைக்காரனுக்கு வருவாய். பணத்தைப் பந்தயமாக வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடுவணரசு 2025-இல் சட்டமியற்றித் தடைசெய்தது, நல்லதே. ஆனால் உயிர்ப்பை விலைக்கு விற்பது பந்தயம் அன்று. ஆதலால் அந்தத் தடை இதைத் தொடவில்லை. தொடவேண்டியவர்கள் பெற்றோர்.

இனி நம் குற்றம். வாலாஜாபாத்தில் தேர்வு முடிவு வெளியாகும் காலையை எண்ணிப் பாருங்கள். தவறிய பிள்ளையின் வீட்டில் பாத்திர ஓசைகூடக் கேட்பதில்லை. அவனை உறவினர் திருமணத்திற்கு அழைத்துப்போக மாட்டோம்; "என்ன மார்க்?" என்று எவரேனும் கேட்டுவிடுவார்களே! தரவரிசைப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. தவறியோர்க்கு அதே ஆண்டில் துணைத்தேர்வும் நடத்துகிறது. ஓராண்டு வீணாகாமல் மேலே படிக்க அது வழி. அரசு திறந்துவைத்த கதவை நம் தெருவும் நம் வீடும் அல்லவா அடைக்கின்றன? தேர்வு முடிவு வந்த நாளில் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி ஏறத்தாழ ஆண்டுதோறும் நாளிதழில் படிக்கிறோம்; ஒரு பெருமூச்சோடு பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தப் பிள்ளைகளுக்குத் தோல்வியின் வலி தெரியவில்லை என்றா சொல்வது? வலி மட்டுமே தெரிந்தது. திரும்பும் வழி ஒன்று உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை.

இப்போது கேட்போம்: அவன் ஏன் அந்தச் சின்னத் திரையையே கட்டிக்கொண்டு கிடக்கிறான்? அங்கே தோற்றாலும் அவனுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை நாம் வீட்டில் கொடுக்காதவரை, கைப்பேசியைப் பிடுங்குவதால் பயனில்லை.

நமக்கு இது புதிய பாடமும் அன்று. நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியில், ஓர் ஆட்டம் தோற்றவள் எழுந்துபோகவேண்டியதில்லை. மிஞ்சிய காய்களால் எத்தனை குழிகளை நிரப்ப முடியுமோ அத்தனையை நிரப்பி, நிரம்பாத குழிகளை ஒதுக்கிவிட்டு, அடுத்த ஆட்டத்திற்கு அமர்வாள். குறைந்த குழிகளோடு ஆடி இழந்தவற்றை மீட்டவர்களும் உண்டு. தறியில் அமர்ந்தவரைக் கேளுங்கள். புட்டாவில் பிழை நேர்ந்தால் பாவை அறுத்தெறிவதில்லை. பிழை நேர்ந்த இடம்வரை ஊடையைப் பிரித்து, அங்கிருந்து மறுபடி நெய்கிறார். அரைநாள் கூலி போகும், சேலை பிழைக்கும். தந்தை தறியில் காட்டும் இந்தப் பொறுமையை மகனிடம் காட்டினால் ஆகாதா?

ஊதாரி மகனின் உவமையைத் தவக்காலந்தோறும் கேட்கிறோம். அவன் இழந்த சொத்து திரும்பவில்லை; அந்த விலையை அவன் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. ஆயினும் தந்தை அவனைத் தொலைவிலேயே கண்டு ஓடினார். கணக்குக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கவில்லை.

ஆகவே பெற்றோரே, அடுத்த தேர்வு முடிவு வரும் நாளுக்கு முன்பே, இன்றிரவே, உணவு வேளையில் பிள்ளையிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள்: "தவறினாலும் வீட்டுக்கு வா. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்." விலைக்கு உயிர்ப்பை விற்கும் ஆட்டத்தை அழிக்கும் உரிமை, அந்தச் சொல்லைச் சொன்ன பிறகே நமக்கு உண்டு.