ஓர் அலைவரிசையை மட்டும் நம்பியிருத்தல் தகுமா?

வானலைச் செய்தியைத் தடுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, அதே அலைவரிசையில் அதைவிட வலுவான இரைச்சலை எழுப்பிச் செய்தியை மூழ்கடிப்பது. மற்றையது, ஓசையின்றி ஆளியை அணைத்துவிடுவது.

முதலாவதற்கு மாற்று 1942 இலேயே காப்புரிமை பெற்றுவிட்டது. பெற்றவர்கள் ஹொலிவூட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தெய்லும். அனுப்பும் கருவியும் ஏற்கும் கருவியும் ஒரே ஒழுங்கில் 88 அலைவரிசைகளுக்கிடையே தாவிக்கொண்டிருந்தால், எதைக் குழப்புவதென்று எதிரிக்குத் தெரியாது. இன்றைய புளூடூத்தும் இவ்வாறு தாவித்தான் இயங்குகின்றது.

இரண்டாவதற்கு அத்தகைய கருவி எதுவும் இல்லை. நம் நாடு அதிகம் கண்டதும் இதனைத்தான்.

நாவலப்பிட்டி போன்ற மலையூர்களுக்கு இது நன்கு புரியும். சிற்றலை, வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால் மலைகளைத் தாண்டி வந்துவிடும். பண்பலையோ நேர்கோட்டில் செல்வது. மலை மறைத்தால் அஞ்சல் நிலையத்தின் தயவு வேண்டும். தயவு வேண்டியிருக்கும் இடத்தில் தடைக்கும் வாய்ப்புண்டு. 2013 மார்ச்சில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் அலைவரிசையில் பிபிசி தமிழ் நிகழ்ச்சிகள் இடைமறிக்கப்பட்டன. பிபிசி தன் பண்பலைச் சேவையையே நிறுத்திக்கொண்டது. சிற்றலை எஞ்சியிருந்ததால் தமிழோசை தொடர்ந்து கேட்டது. 2017 ஏப்ரலுடன் அதுவும் ஓய்ந்தது.

மறு ஆண்டே, 2018 மார்ச்சில், திகனைப் பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் மூண்டது. அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. கண்டி மாவட்டத்தில் இணையமும் தடைப்பட்டது. வெறுப்பைப் பரப்பியோர் அவற்றைப் பயன்படுத்தினர் என்பது மெய். பேஸ்புக் நிறுவனமே 2020 இல் மன்னிப்புக் கோரியது. ஆயினும் வீபிஎன் அறிந்தவன் தடையைத் தாண்டிவிட்டான். அக்குறணையிலிருக்கும் மகளின் நலமறியத் துடித்த தாயோ அதனை அறியாள். வதந்தியை வெல்வது உண்மைச் செய்தி. அது வரும் வழியையும் சேர்த்தடைத்தால் யாருக்கு இலாபம்? 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, மக்கள் போராட்டத்தின் போதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

ஆகவே, எந்தத் தடையும் நீதிமன்ற ஆணையுடனும் கால வரையறையுடனும் மட்டுமே விதிக்கப்படல் வேண்டும். சிற்றலையையும் அமெச்சூர் வானொலியையும் பழங்கதையென ஒதுக்காமல் காத்தல் வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைத் துண்டாடியபோது, ஒரே வழியை நம்பியிருப்பதன் விலை என்னவென்று கண்டோம். அணைப்பது புயலானாலும் அரசானாலும், இருளில் இருப்பவர்கள் நாமே.