முனிக்குப் பிறகு காவல் யார்?

கிராவல் அள்ளும் ஜேசிபி ஓட்டுகிற ஒரு தம்பி சொன்னது இது. வைப்பாற்றுக்கு வடக்கே ஒரு பொட்டலில் மண் வெட்டிக்கொண்டிருந்தபோது வாளியின் பல் எதிலோ இடித்திருக்கிறது. பாறையில் பட்டால் 'ணங்'கென்று கேட்கும். இது 'டொம்'மென்று கேட்டதாம். இறங்கிப் பார்த்தால் இடுப்பளவு உயரத்தில் ஒரு பானை. தோள்பட்டை உடைந்து, உள்ளே மண் இறுகிக் கிடந்திருக்கிறது. "குவாரிக்காரர்ட்ட சொன்னா வேலையை நிப்பாட்டிருவாகளோன்னு பயம். ஊர்க்காரங்ககிட்ட சொன்னா புதையல்னு மம்பட்டியைத் தூக்கிட்டு வந்துருவாக. யாருகிட்ட அண்ணாச்சி சொல்ல?" என்று கேட்டார். சொல்ல ஆள் கிடைக்காமல், நாலாவது நடையில் தாழியும் மண்ணோடு மண்ணாக டிப்பரில் ஏறிவிட்டது. எந்த வீட்டுமனைக்கு அடியில் கிடக்கிறதோ.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

கரிசலில் கல் அரிது. அதனால் நம் பக்கத்து முன்னோர் செத்தவர்களைப் பெரும்பாலும் தாழியில் வைத்தார்கள். பாறை தலைகாட்டுகிற இடங்களிலும் மலையடிவாரங்களிலும் அதே காரியத்தைக் கல்லால் செய்தார்கள். பலகைக்கல்லைப் பெட்டிபோல் புதைத்தால் கல்பதுக்கை, தரைக்கு மேலே வீடுபோல் நிறுத்தினால் கல்திட்டை, சுற்றிலும் குண்டுக்கற்களைப் பதித்தால் கல்வட்டம், ஒற்றையாக ஊன்றினால் நெடுங்கல். பழனி மலையில் இருக்கும் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-லேயே வெளியிட்டது. இதெல்லாம் படித்தவர் வைத்த பெயர்கள். ஊரில் பெயர் வேறு. பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் குகை என்பார்கள், வனவாசத்தில் பஞ்ச பாண்டவர் தங்கிப்போன இடம் என்பார்கள். 'மாண்டவர் குழி'தான் நாளடைவில் 'பாண்டவர் குழி' ஆயிற்று என்று சொல்கிறவர்களும் உண்டு. நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். காதுக்கு நன்றாக இருக்கிறது.

வட தமிழகத்தில் ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் குள்ள மனிதர்கள் வாழ்ந்தார்களாம். வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று தெரிந்ததும், தப்பிக்கக் கல்லால் வீடு கட்டி அதற்குள் ஒடுங்கினார்களாம். அப்படியும் தப்பவில்லை. வேறு ஊரில் இதைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். பட்டாசு ஆலை மருந்துக்குப் பயந்து பயந்து வாழும் நம் ஊர்களில் நெருப்பு மழை என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பு வராது.

தெற்கே தாழிக்கு வேறு கதை. அந்தக் காலத்தில் யாருக்கும் சாவே வராதாம். வயசாக ஆகக் கிழவர்கள் சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி அளவுக்கு வந்துவிடுவார்களாம். விளக்கு மாடத்தில் தூக்கி வைப்பார்களாம். அங்கேயும் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனதும், சோறும் தண்ணியும் வைத்து ஒரு தாழிக்குள் இறக்கி மண்ணில் வைத்துவிடுவார்களாம். சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் திருநெல்வேலிச் சீமையில் இருந்த 19ஆம் நூற்றாண்டில், இந்தத் தாழிகளையும் அவற்றைப் பற்றிய கதையையும் கால்டுவெல் பாதிரியார் எழுதி வைத்தார். என் ஆச்சி இதைச் சொல்லும்போது கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்: "அதனாலதாம்ல அந்தப் பொட்டல்ல வெளிக்கிப் போகக் கூடாது. உள்ள ஆள் இருக்கு." இவ்வளவு நீளக் கதை அந்த ஒரு வரிக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சங்கிலிமுனி உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் நடமாடுகிறார், அங்கே ஒன்றுக்கிருந்தால் காய்ச்சல் வரும், கல்லைப் புரட்டினால் வீட்டில் தலைப்பிள்ளைக்கு ஆகாது என்பன எல்லாம் மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மூடநம்பிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் 2 ஆயிரம், 3 ஆயிரம் வருடம் அந்தக் கற்களை வேலி இல்லாமல், பலகை இல்லாமல், வாட்ச்மேன் சம்பளம் இல்லாமல் காத்தது அந்தப் பயம். முனியை நாம் இறக்கிவிட்டோம். அவர் பார்த்த வேலைக்கு வேறு ஆள் போடவில்லை.

கதை எல்லாம் காவல் காத்தது என்றும் சொல்ல முடியாது. கல்லுக்கு அடியில் ஏழு கொப்பரைத் தங்கம் என்பதும் கதைதான். அமாவாசை ராத்திரியில் கடப்பாரையோடு போகிறவர்கள் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். உள்ளே இருப்பது கறுப்பு சிவப்புப் பானை ஓடும், துருப்பிடித்த இரும்பும், மக்கிப்போன எலும்பும். தோண்டினவனுக்கு ஏமாற்றம். நமக்கு நஷ்டம் எவ்வளவு என்பதற்குச் சிவகளை அகழாய்வைப் பார்த்தால் போதும். அங்கே உடையாமல் கிடைத்த ஒரு தாழிக்குள் இருந்த நெல்லை ஆய்வுக்கு அனுப்பியபோது காலம் கி.மு. 1155 என்று வந்தது. பொருநைக் கரையின் வரலாற்றை ஒரு பிடி நெல் பின்னால் தள்ளி வைத்தது. டிப்பரில் ஏறிய தாழிக்குள் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கல்லை உடைத்த ஊர்கள் வெளிநாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் ஏவ்பரி என்ற கிராமமே ஒரு பெரிய கல்வட்டத்துக்குள் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஊர்க்காரர்கள் வீடு கட்டவும் நிலம் திருத்தவும் கல்லைச் சுற்றி வைக்கோல் போட்டுக் கொளுத்தி, சூடேறியதும் பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பிளந்தார்கள். 1720-களில் அதைக் கண்ணால் பார்த்து, மனம் நொந்து, மிஞ்சியதைப் படமாக வரைந்து வைத்தவர் வில்லியம் ஸ்டூக்ளி. கல் போய்விட்ட இடம் எது என்று இன்று தெரிவதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம். அவரால் உடைப்பதை நிறுத்த முடியவில்லை. எழுதி வைக்க முடிந்தது. நமக்கு அந்த அளவுகூடக் கைகூடவில்லை. பழைய ஆட்கள் 'தாழிக்காடு', 'பானைப்பொட்டல்', 'கல்லுப்பொட்டல்' என்று சொன்ன நிலங்கள் இன்று பத்திரத்தில் வெறும் சர்வே எண்கள். பெயர் போனால் அங்கே என்ன இருந்தது என்ற ஞாபகமும் போய்விடும்.

வேம்பக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். விஜயகரிசல்குளத்தில் 'மேட்டுக்காடு' என்று ஊர் சொல்லிவந்த இடம்தான் அது. 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது. சங்கு வளையல், பாசிமணி, சுடுமண் பொம்மை, பிள்ளைகள் விளையாடிய வட்டச்சில்லு என்று ஆயிரக்கணக்கில் பொருள்கள் வந்தன. பட்டாசுக்கு மட்டும் பேர்போன வட்டாரம் சங்கு அறுத்த வட்டாரம் என்றும் தெரியவந்தது. ஊர் ஒரு பெயரை விடாமல் பிடித்துவைத்திருந்த நிலம் அது.

சரி, யார் என்ன செய்வது? துறையை மட்டும் குறை சொல்லி எழுதுவது எளிது. எனக்கும் கை வரும். ஒரு மாவட்டத்துக்கு இருக்கிற விரல்விட்டு எண்ணக்கூடிய அலுவலர்கள் ஒவ்வொரு பொட்டலுக்கும் வந்து நிற்க முடியாது. அதற்காக, போன் அடித்தால் எடுக்காமல் இருக்கலாம் என்று ஆகிவிடாது. தகவல் சொன்னவருக்கு ஒரு வாரத்துக்குள் "பார்த்தோம், இன்னது" என்று ஒரு பதில் போக வேண்டும். பதில் வராத ஊரில் இரண்டாவது முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

விவசாயிக்கு வேறு பயம். சொன்னால் பட்டா நிலம் போய்விடும் என்று நினைக்கிறார். கல் இருக்கிறது என்று சொன்னதாலேயே நிலம் போகாது. 1958 மத்தியச் சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கும் முன் 2 மாதம் ஆட்சேபத்துக்கு இடம் தர வேண்டும். 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்ற விதியும் அப்படி மத்திய அரசு அறிவித்த சின்னங்களுக்குத்தான். இதை ஊர் மொழியில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் போதும். தாசில்தார் அலுவலகத்தில் ஒட்டும் ஒரு நோட்டீஸ்கூடப் போதும்.

தம்பியின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் 1878-லேயே இருக்கிறது. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்த ஆண்டின் புதையல் சட்டம். 10 ரூபாய்! வெள்ளைக்காரன் காலத்துத் தொகை. மாவட்டத்தில் ஓடுகிற ஜேசிபிக்காரர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்? குவாரி உரிமம் கொடுக்கிற அன்றைக்கே, ஓட்டுநர்களை உட்காரவைத்துப் பானை ஓடு எப்படி இருக்கும், கல்வட்டம் எப்படி இருக்கும் என்று அரைமணி நேரம் காட்டினால் செலவு ஒரு டீ, வடை.

பட்டாசு ஆலை முதலாளிகளுக்குத் தெரியாமலே ஒரு காவல் வேலை அவர்கள் கையில் இருக்கிறது. விதிப்படி ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி விட்டாக வேண்டும். அதனால் ஆலைச் சுவருக்குள் உழவு படாத, வீடு வராத பொட்டல்கள் ஏக்கர் கணக்கில் கிடக்கின்றன. அங்கே அரைவட்டமாகக் குண்டுக்கல் தெரிந்தால், போர்மேனிடம் ஒரு சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னால் போதும். அச்சகக்காரர்களும் சும்மா இருக்க வேண்டாம். ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் வெளியாகும் காலண்டர் ஆல்பத்தில் எத்தனை அருவி, எத்தனை சுவிட்சர்லாந்து! பன்னிரண்டு தாளில் ஒரு தாளாவது நம் ஊர்க் கல்லுக்குக் கொடுத்தால், சுவரில் தொங்குகிறது என்பதற்காகவே ஒரு மரியாதை வரும்.

ஊர்ப் பெரியவர்களிடமும் இரண்டு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. முதலாவது, கல்லைச் சாமி ஆக்குவது. கும்பிடுங்கள், கும்பிட்டதால்தான் பிழைத்தது. ஆனால் எனாமல் பெயின்ட் அடித்து, டைல்ஸ் ஒட்டி, சிமென்ட்டில் பீடம் கட்டும்போது கல் உள்ளே போய்விடுகிறது. எழுத்து இருந்தால் அதுவும் போய்விடுகிறது. எண்ணெயும் மாலையும் போதும் என்று சாமியே சொல்லிவிடும். இரண்டாவது, "இது எங்க ஆளுக கல்லு" என்கிற பேச்சு. நடுகல்லில் வாள் ஏந்தி நிற்கிறவர் எந்தச் சாதி என்று தேடி, இப்போது பக்கத்தில் கொடிக்கம்பம் ஊன்றுகிறார்கள். கல்வட்டத்துக்குள் கிடக்கிறவர்கள் நம்முடைய இன்றைய சாதிப் பெயர் ஒன்றையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கல் நடுவது நம் மண்ணில் அற்றுப்போன வழக்கம் இல்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள் என்று தொடங்கி ஆறு படி சொல்கிறது. நாம் கருமாதிக்கு இன்றும் கல் ஊன்றுகிறோம். உடன்கட்டை ஏறியவளுக்கு மாலைக்கோயில் இருக்கிறது. பிள்ளையைச் சுமந்தபடியே செத்தவளுக்குச் சுமைதாங்கி இருக்கிறது. இரண்டு குத்துக்கல், மேலே ஒரு பலகைக்கல், தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் அதில் இறக்கிவைக்கலாம். அவள் இறக்காமல் போன பாரத்தை வழிப்போக்கர் ஒவ்வொருவராக இறக்கிவைக்கிறார்கள் என்பது ஐதீகம். சாலை அகலமானபோது பல சுமைதாங்கிகள் பெயர்ந்து ஓரமாய்க் கிடந்தன. அப்புறம் அதுவும் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் வெந்து போனார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர். அவர்களுக்கென்று ஊன்றிய ஒரு கல்லை எந்தச் சாலையோரத்திலும் நான் பார்த்ததில்லை. ஆலைக்காரர், தொழிலாளி, ஊராட்சி மூவரும் சேர்ந்து ஒரு சுமைதாங்கி வைக்கலாம். பழைய கல்லை ஏன் காக்க வேண்டும் என்று அதன் பிறகு யாரும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்காது.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஏதாவது ஒரு கூட்டத்தில், ஊரின் பழைய நிலப்பெயர்களையும் அங்கே இருக்கும் கற்களையும் அதைப் பற்றிச் சொல்லும் கதையையும் சர்வே எண்ணோடு ஒரு நோட்டில் எழுதித் தீர்மானம் போடலாம். எழுதுகிற கை பள்ளிப் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். சொல்கிற வாய் ஆடு மேய்க்கிற பெரியவருடையதாக இருக்கட்டும். முனி வருகிறார் என்று அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள், வெட்ட வேண்டாம்.

அந்த ஜேசிபி தம்பி இப்போது வேறொரு கண்மாயில் வண்டல் அள்ளிக்கொண்டிருக்கிறார். போன மாதம் பார்த்தபோது தாசில்தார் அலுவலக எண்ணையும் கிராம நிர்வாக அலுவலர் எண்ணையும் அவர் செல்போனில் ஏற்றிக் கொடுத்தேன். "என்ன பேர் அண்ணாச்சி போட?" என்று கேட்டவர், நான் சொல்லும் முன்பே ஒன்றுக்குப் 'பானை' என்றும் இன்னொன்றுக்குப் 'பானை 2' என்றும் போட்டுக்கொண்டார்.