பதினோரு செகண்டு மலை

டிஸ்கி: நீளமான புலம்பல் இது. மலை வீடியோ போடும் சக பதிவர்கள் திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும். முதல் குற்றவாளி நான்தான் என்பதால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். எங்க ஊரில் மலையெல்லாம் கிடையாது. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டி, வேண்டாத மண்ணைக் கொட்டி வைத்திருப்பார்களே, அந்த மேடுதான் சின்ன வயசில் நாங்கள் ஏறிய இமயமலை. வேலை கிடைத்துப் பெரம்பலூர் வந்தபிறகுதான் மேற்கே நீலமாகப் படுத்துக்கிடக்கும் பச்சைமலையைத் தினமும் பார்க்க ஆரம்பித்தேன். மலை இல்லாத ஊர்க்காரனுக்கு மலையைப் பார்த்தால் ஒரு கிறுக்கு பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

மூணு வருஷத்துக்கு முன்னால் நானும் ரெண்டு நண்பர்களும் பச்சைமலையில் ஓர் அருவிக்குப் போனோம். மயிலூற்று, கோரையாறு மாதிரி எல்லோருக்கும் தெரிந்த இடம் இல்லை. பெயர் சொல்லமாட்டேன், ஏன் என்று கீழே புரியும். வனத்துறையிடம் அனுமதி எதுவும் வாங்கவில்லை. அடிவாரத்துச் சின்ன ஊரில் ஒரு பையனைப் பிடித்து, இருநூறு ரூபாய் கொடுத்து, வழி காட்டச் சொன்னோம். ஏற ரெண்டே முக்கால் மணி நேரம் ஆனது. பாதி வழியில் நான் வழுக்கி விழுந்து முட்டி பேர்ந்தது. ஒரு நண்பன் தண்ணி தீர்ந்து பாறையில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பையன்தான் எங்கேயோ ஊற்றிலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து காப்பாற்றினான்.

வீட்டுக்கு வந்து எடிட் செய்து நாலு நிமிஷ வீடியோவாகப் போட்டேன். தலைப்பு: "யாருக்கும் தெரியாத ரகசிய அருவி". கூடவே கூகுள் மேப்பில் ஒரு குத்து. அந்த ரெண்டே முக்கால் மணி நேரம் வீடியோவில் எவ்வளவு வந்தது தெரியுமா? பதினோரு செகண்டு. பின்னணியில் புல்லாங்குழல். முட்டி பேர்ந்தது கட். தண்ணி தீர்ந்தது கட். பையனும் கட், ஏனென்றால் அவன் இருந்தால் நாங்களே தேடிக் கண்டுபிடித்த மாதிரி இருக்காதே.

இன்னொரு கட் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அருவியை முதன்முதலில் காட்டும் ஷாட்டில், ஓரமாக ஓர் அம்மா தலையில் விறகுக்கட்டோடு நடந்து போனார். நல்ல ஷாட், நல்ல வெளிச்சம். அவர் ஃப்ரேமை விட்டுப் போகும் வரைக்கும் வெட்டி எடுத்தேன். யாருக்கும் தெரியாத அருவியில் விறகு சுமக்கும் அம்மா எப்படி இருப்பார்?

பச்சைமலை என்ன அமேசான் காடா? பெரம்பலூர், திருச்சி, சேலம் என்று மூணு மாவட்டத்தில் பரவிக்கிடக்கிற மலை. மேலே ஊர் ஊராக மலையாளி பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். (கேரளத்துக்காரர்கள் இல்லை சாமி, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளி.) மரவள்ளி போடுகிறார்கள், முந்திரி இருக்கிறது, புளி இருக்கிறது, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் எல்லாம் இருக்கிறது. அவர்கள் தாத்தாவுக்குத் தாத்தா குளித்த அருவியைப் போன ஞாயிற்றுக்கிழமை நான் "கண்டுபிடித்தேன்". வாஸ்கோடகாமா தோற்றார் :-)

வீடியோ ஓடியது. நான் எழுதிய எந்தப் பதிவையும் அத்தனை பேர் படித்ததில்லை. ஒரு வருஷம் கழித்து அதே அடிவாரத்து டீக்கடையில் ஒரு பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"அந்தப் படம் போட்டது நீங்கதானா தம்பி?"

பெருமையாக, "ஆமாங்கய்யா" என்றேன்.

"பொங்கல் லீவுக்கு இருபது முப்பது வண்டி வந்துச்சு தம்பி. குடிச்சிட்டு ஓடையில பாட்டில ஒடச்சிட்டுப் போயிட்டானுவ. எம் பேத்தி புளி பொறுக்கப் போனவ கால்ல ஏறிடுச்சு, ஆறு தையல். அதுக்கு முன்ன ஐப்பசியில ரெண்டு பசங்க அந்தாண்ட மாட்டிக்கிட்டானுவ. கீழ மழையே இல்ல, மேல பேஞ்சிருக்கு. எங்க ஆளுவதான் கயிறு போட்டு இழுத்தாங்க."

டீ தொண்டையில் இறங்கவில்லை. வழி காட்டிய பையன் என்ன ஆனான் என்று கேட்டேன். "அவன ஏன் கூப்புடப் போறாங்க? அதான் போன்லயே வழி காட்டுதே" என்றார்.

"மலைக்கு ஆள் வந்தால் அங்கிருப்பவர்களுக்கு நாலு காசு கிடைக்கும்" என்று வாதாடும் நண்பர்களே, இதைத்தான் கொஞ்சம் யோசியுங்கள். என் வீடியோ அந்த ஊருக்குக் கொடுத்தது ஆறு தையல். அந்தப் பையனிடமிருந்து எடுத்துக்கொண்டது இருநூறு ரூபாய்.

"அவனவன் உயிருக்கு அவனவன் பொறுப்பு" என்பது அடுத்த வாதம். சரி, பொறுப்பு எடுத்துக்கொள்ள அவனுக்கு விஷயம் தெரியவேண்டாமா? அதைத்தானே நாம் வெட்டி எறிகிறோம். இங்கே அருவிகளில் தண்ணீர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த வீடியோவைச் சித்திரையில் பார்த்துவிட்டு வருபவனுக்குக் காய்ந்த பாறைதான் மிஞ்சும். கோடையில் காட்டுத்தீ பயம் வேறு. மழைக்காலத்தில் வருபவனுக்கு, அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் இறங்கி வரும் என்று யார் சொல்வது? புல்லாங்குழலா?

2018 மார்ச் 11 ஞாபகம் இருக்கிறதா? தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் மலையேற்றத்துக்கென்றே அரசு விதிகள் கொண்டுவந்தது. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் புல்லாவெளி அருவியில், நண்பர் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் வழுக்கி விழுந்தார். அவர் விழும் அந்த வீடியோவும் ஊரெல்லாம் சுற்றியது. எத்தனை பேர் பார்த்தோம், எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தோம் என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

மலை மட்டும்தான் என்றில்லை. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை மண்மேடுகளை, "தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன்" என்று டிரோன் விட்டு எடுக்கிறார்கள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடல் இருந்த இடம் அது. கால் வைத்தால் அம்மோனைட் தட்டுப்படும். வீடியோ பார்த்துவிட்டு வருபவர் ஞாபகார்த்தமாக ரெண்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். 2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் தோண்டும்போது உருண்டை உருண்டையாகக் கல் கிடைக்க, டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பில் ஓட்டினார்களே! அது முட்டையே இல்லை, அம்மோனைட் சம்பந்தப்பட்ட கல் உருண்டைகள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது?

அப்போ யாரும் மலைக்கே போகக்கூடாதா, வீடியோவே எடுக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். போங்கள், நானும் போவேன். எல்லாவற்றையும் தடை செய் என்று கிளம்பும் கோஷ்டியில் நான் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசே 40 மலைப்பாதைகளை ஆன்லைனில் பதிந்து போகிற மாதிரி திறந்துவிட்டது. வழிகாட்டிகளாக மலைமக்களையே பழக்கியிருக்கிறார்கள். 2025-ல் காட்டுத்தீ காலத்தில் கொஞ்ச நாள் நிறுத்தியும் வைத்தார்கள். கட்டணம் ஜாஸ்தி என்று முணுமுணுப்பு உண்டு, நானும் முணுமுணுத்தவன்தான். ஆனால் அதில் போகிறவனுக்கு வழிகாட்டி இருக்கிறார், போனது யார் என்று கணக்கு இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். வெட்டியதைத் திரும்ப ஒட்டுங்கள். மூச்சு வாங்கியதைக் காட்டுங்கள், வழுக்கியதைக் காட்டுங்கள், எந்த மாசம் எடுத்தது என்று போடுங்கள். அனுமதி வாங்கினீர்களா, யாரிடம் என்று சொல்லுங்கள். வாங்கவில்லை என்றால் அந்த வீடியோவே வேண்டாம். வழி காட்டியவர் சம்மதித்தால் அவர் முகத்தைக் காட்டுங்கள், மேப்பில் குத்தாதீர்கள். "ரகசிய", "யாருக்கும் தெரியாத" இந்த ரெண்டையும் தயவுசெய்து தூக்கிக் கடாசுங்கள். இப்படிப் போட்டால் பத்துப் பேர்கூடப் பார்க்கமாட்டார்கள் என்கிறீர்களா? பார்க்கவேண்டாமே. பத்துப் பேர் படிக்கிற பதிவைப் பல வருஷமாக எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்?

என் வீடியோவை அன்று ராத்திரியே அழித்துவிட்டேன். பிரயோஜனமில்லை. இறக்கி வைத்திருந்த யாரோ அதைத் துண்டு துண்டாக வேறு பாட்டோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். புகார் கொடுத்து ரெண்டு துண்டுகளை எடுக்க வைத்தேன், மூன்றாவது முளைத்தது. மேப்பில் நான் குத்தியதும் என் கையைவிட்டுப் போயாச்சு. யார் யாரோ அதில் போட்டோ ஏற்றி, ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள்.

போன மாசம் பெரியவரைத் திரும்பப் பார்த்தேன். பேத்தி நன்றாக நடக்கிறாளாம். ஓடையில் கண்ணாடி பொறுக்க ரெண்டு நண்பர்களோடு சாக்குப்பையை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை. அப்புறம் "மழ நிக்கட்டும், சொல்லி அனுப்புறேன். போன கொண்டாராதீங்க" என்றார்.